சம்பந்தியின் பெட்ரோல்

அவர் தம் காரின் கதவைச் சாத்தும் ஓசையை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. விரல் நுனிகளால் மெல்லத் தள்ளிவிட்டு, கதவுக்கு வலித்துவிடுமோ என்பதுபோல் நகர்ந்து வருவார். கதவு முழுதாகப் பூட்டிக்கொள்ளாது. உள்ளே கூரை விளக்கு எரிந்துகொண்டே கிடக்கும். எங்கள் ஆட்களில் யாரேனும் பின்னால் சென்று 'டப்' என்று அடித்துச் சாத்தினால், முகம் சுருங்க ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். அடுத்த கணமே அந்த ஆளிடம், "ரொம்பச் சந்தோசமுங்க தம்பி" என்பார்.

மேட்டுப்பாளையம் சாலையில், பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டி நான் வாகனப் பராமரிப்பு நிலையம் ஒன்றை நடத்திவந்தேன். அதைப் பட்டறை என்று சொல்வோரைத் திருத்துவது என் வழக்கம். பொறியியல் பட்டம் பெற்று, வேறு வேலைகள் காத்திருந்தும், விரும்பி இத்தொழிலுக்கு வந்தவன் நான். தொண்ணூறுகளின் இறுதியில் கார்புரேட்டர் இல்லாத, கம்ப்யூட்டர் வைத்த புதிய கார்கள் ஊருக்குள் வரத் தொடங்கியபோது, அவற்றைத் தொடத் துணிந்த சில இடங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்படித்தான் அவர் என்னிடம் வந்து சேர்ந்தார். அன்னூர்ப் பக்கத்தவர், பருத்திக் கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலை வைத்திருந்தார். மனைவியை இழந்த பின் ஒரே மகளைத் தாமே வளர்த்து, பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தவர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாருக்கேனும் சங்கடம் நேருமோ என்று அவரே முதலில் கவலைப்பட்டிருப்பார்.

குறை என்ற ஒன்றை எடுத்துச் சொல்ல அவருடைய நாக்குக்குப் பழக்கமில்லை. ஒரு திருமணப் பந்தியில் என் அருகில் அமர்ந்திருந்தார். பரிமாறியவர் கை தவறிக் கொதிக்கும் சாம்பாரை அவர் புறங்கையில் ஊற்றிவிட்டார். தோல் சிவந்துவிட்டது. அந்த மனிதர் பதறி நின்றபோது இவர் சொன்னது: "பரவாயில்லீங்க. சாம்பார் நல்லாச் சூடா வெச்சிருக்கறீங்க."

அவருடைய முழுக்கைச் சட்டைகள் எல்லாமே முழங்கைவரை மடிக்கப்பட்டிருக்கும். அது மிடுக்கு என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அவருடைய தையல்காரர் ஒருமுறை ஒரு கையைக் குட்டையாக வெட்டிவிட்டார். இவர் இரண்டையும் மடித்துக்கொண்டார். அதைக் கண்ட தையல்காரர், இவருக்கு இப்படித்தான் பிடிக்கும் போலும் என்று அளவு பார்ப்பதையே விட்டுவிட்டார். துணி தொடர்ந்து அவரிடமே போயிற்று.

அவர் வீட்டுத் தொலைபேசிக்கு ஏதோ லாரி ஆபீசைத் தேடி அழைப்புகள் வருவதுண்டு. தவறான எண் என்று சொன்னால் அழைத்தவர் வெட்கப்படுவாராம். ஆகவே, "சொல்லிடறனுங்க" என்று சேதி வாங்கிக்கொள்வார். பிறகு அந்த லாரி ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று விசாரித்துத் தாமே போய்ச் சொல்லிவிட்டும் வருவார். இதை அவர் மகள் சொல்லித்தான் அறிந்தேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இத்தகைய ஒருவர் வாடிக்கையாளராக அமைவதன் துன்பத்தை எங்கள் தொழிலில் உள்ளவர்களே உணர முடியும். வண்டியின் பழுதைக் கண்டுபிடிக்க எத்தனை கருவிகள் இருந்தாலும், ஓட்டுகிறவர் வாயைத் திறந்து சொல்வதிலிருந்துதான் நாங்கள் தொடங்கியாக வேண்டும். அவரோ, "வண்டி தங்கமாட்ட ஓடுதுங் சார்" என்று, தங்கம்போல ஓடுவதாகத்தான் ஆரம்பிப்பார். காப்பி குடித்து, மழை, பருத்தி, மின்வெட்டு எல்லாம் பேசி, எழுந்து நிற்கும்போது, "லேசா ஒரு வாசம் வர்றாப்ல இருக்குதுங்க. என்ற மூக்குத்தான் கோளாறா இருக்கும்" என்பார். எங்கள் மூத்த எலக்ட்ரீசியன் வாய்த்துடுக்கு உள்ளவர். "அவரு நல்லாருக்குதுன்னாப் பாத்துப்போடலாமுங் சார். லேசாங்கறாருன்னாத்தான் வண்டிய இழுக்கற கயிறு எடுத்து வெக்கோணும்" என்பார்.

அந்த வண்டி எங்களைப் படுத்தியது. எங்களிடம் இருக்கும்வரை ஒழுங்காக ஓடும். வெளியே போனால் எங்கேனும் நிற்கும். பிளக்கைச் சுத்தம் செய்தோம். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினோம். காற்று போகும் வழியெல்லாம் துடைத்தோம். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி எடுத்துச் சென்றார். பிறகு ஒருநாள், எனக்குத் தெரிந்த ஆலை முதலாளி ஒருவர் அவரை அன்னூர் சாலையில் கண்டிருக்கிறார். கார் ஓரமாக நின்றிருக்கிறது. தள்ளுவதற்கு ஆள் சேர்ந்துகொண்டிருக்கிறது. இவர் அந்தக் கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு, "வண்டிய எங்க உடறதுன்னா நம்ம சார்கிட்டத்தானுங்க உடோணும். கோயமுத்தூருக்கே அவரு கைதானுங்க" என்று என் பெயரைச் சொல்லிப் புகழ்ந்துகொண்டிருந்தாராம். கேட்டவர்கள் காரைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று ஆலைக்காரர் எனக்குத் தெரிவித்தார். என் நிலையத்தின் நற்பெயருக்கு வேறு எவரும் அவ்வளவு கேடு செய்ததில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். புகழ்கிறவரை என்ன செய்வது?

அவருடைய மகளுக்கு அந்த ஆண்டு சித்திரையில்தான் திருமணம் ஆகியிருந்தது. பக்கத்து ஊரில் பெரிய குடும்பம். அன்னூர்ச் சாலையில் பெட்ரோல் பங்க் அவர்களுடையது. ஆடி மாதத்திற்குப் புதுப்பெண்ணைப் பிறந்தகத்திற்கு அழைத்து வந்திருந்தார். அந்த நாட்களில் ஒரு காலை, வண்டியுடன் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வண்டி எப்படி ஓடுதுங்க?" என்று கேட்டேன்.

"தங்கமாட்ட ஓடுதுங் சார். லேசா அந்த வாசந்தான். என்ற மூக்கு..."

"உங்க மூக்கு நல்லாத்தானுங்கப்பா இருக்குது" என்றாள் மகள். "சார், அப்பா சொல்ல மாட்டாருங்க. நான் சொல்றேன். பெட்ரோல் போட்டா வண்டி கெளம்பாதுங்க."

"அம்மணி, சும்மா இரு."

"போடாத அன்னிக்கு ஒழுங்கா ஓடும். போட்ட அன்னிக்கு ரயில்வே கேட்டுல நின்னாப் போதும், துள்ளித் துள்ளி ஆஃப் ஆயிருமுங்க. ஒரே பெட்ரோல் நாத்தம். அப்பறம் ஊரே வந்து தள்ளோணும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"இதை ஏங்க இத்தனை நாளாச் சொல்லலை?"

"எப்படிங் சார் சொல்லுவாரு? பங்க்கு எங்க மாமனாரோடதுங்க" என்றாள் அவள்.

"பெட்ரோல்ல குறைன்னு நாஞ் சொன்னதா ஆயிரக்கூடாதுங் சார்" என்றார் அவர், மிகவும் தாழ்ந்த குரலில். "அவிங்க பெரிய மனுசங்க."

"இன்னுங் கேளுங்க. அங்க பெட்ரோல் போடறப்ப எஞ்சினையே அணைக்க மாட்டாருங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. "எஞ்சின் ஓடிட்டு இருக்கறப்பவா பெட்ரோல் போடறீங்க?"

"அணைச்சாக் கெளம்பாதுங்களே. சம்பந்தி ஆபீஸ்ல உக்காந்து பாத்துட்டு இருப்பாருங்க. அவரு முன்னால கிர்ரு கிர்ருன்னு சுத்திட்டு நின்னா அவருக்குச் சங்கடமா இருக்குமில்லீங்களா?"

"பத்திக்கிட்டாச் சங்கடமா இருக்காதுங்களா?" என்றார் எலக்ட்ரீசியன். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும், வேறு வழியின்றி, சிரித்தார்.

எனக்கு வேண்டிய திறவுகோல் கிடைத்துவிட்டது. டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி காற்றில் கலந்துவிடாமல் இருக்க, அத்தகைய கார்களில் கரி நிரப்பிய ஒரு டப்பா உண்டு. ஆவி அதில் தங்கும். எஞ்சின் சூடேறி ஓடும்போது, கம்ப்யூட்டர் உத்தரவிட்டால் மட்டும் ஒரு சிறிய மின்வால்வு திறந்து அந்த ஆவியை எஞ்சினுக்குள் அனுப்பும். பர்ஜ் வால்வு என்பார்கள். அது வேண்டாத நேரத்தில் திறந்து கிடந்தால், டேங்க் நிரம்பும்போதெல்லாம் ஆவி எஞ்சினுக்குள் பாய்ந்து மூச்சை அடைக்கும். அவர் இருபது மைல் ஓட்டிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்வதற்குள் அந்த ஆவி தீர்ந்துபோயிருக்கும். நாங்கள் எதைக் கண்டோம்?

பக்கத்துப் பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு வரச் செய்தேன். எஞ்சின் துள்ளியது. வால்விலிருந்து போகும் ரப்பர்க் குழாயைக் குறடால் அழுத்திப் பிடித்தேன், துள்ளல் நின்றது. விட்டேன், மீண்டும் துள்ளியது. வால்வைக் கழற்றி ஊதிப் பார்த்தோம். மூடித்தான் இருந்தது; மின்சாரம் கொடுத்தால் 'டிக்' என்று திறந்தது. வால்வில் பழுதில்லை, அதற்குப் போகும் ஒயரில்தான் பழுது. சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், வால்வின் சாக்கெட்டில் சோதனை விளக்கை வைத்தோம். எரியக் கூடாத விளக்கு எரிந்தது. எலக்ட்ரீசியன் ஒயர்க் கட்டைக் கையால் அசைக்க, விளக்கு அணைந்தது. மீண்டும் அசைக்க, எரிந்தது. எஞ்சின் ஓரத்தில் ஒரு தகட்டு விளிம்பில் உரசி உரசி ஒயரின் மேலுறை தேய்ந்து, செம்பு, காரின் இரும்பு உடலைத் தொட்டு மின்சாரத்துக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைக் கேளாமலே வால்வு திறந்து கிடந்ததற்கு அதுதான் காரணம்.

இதை நான் முறையாக விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்பப் பெட்ரோல் நல்ல பெட்ரோல்தானுங்களா சார்?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. மகளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"ஏனுங்கப்பா, இத்தன நாளா அவிங்க பெட்ரோல்ல தண்ணின்னு நெனச்சுட்டேவா அங்கயே போட்டுட்டு இருந்தீங்க?"

அவர் தலை கவிழ்ந்துகொண்டார். அடுத்த முறை பங்க்குக்குப் போனபோது, தேவையே இல்லாமல் எஞ்சினை அணைத்து அணைத்துக் கிளப்பிக் காட்டினார் என்று பின்னர் அவரே எனக்குச் சொன்னார்.

அன்று அவர் எலக்ட்ரீசியனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் என்னருகே நின்று, ஒயருக்குப் புது உறை போடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன நாள் இப்படியே ஓட்டுனதுல உள்ளார ஏதாச்சும் கெட்டுருக்குமுங்களா சார்?" என்று கேட்டாள். காரைப் பற்றிக் கேட்கிறாள் என்றே எடுத்துக்கொண்டு, கெடவில்லை என்று சொன்னேன். "நல்லதுங்க" என்றாள். சற்று முன் சிரித்த பெண்ணாக அவள் தோன்றவில்லை.

ஆடி முடிந்ததும் அவர் தொலைபேசியில் அழைத்தார். "சம்பந்தி பாப்பாவக் கூட்டிட்டுப் போக வாராருங்க. லேசா ஒரு பேச்சு இருக்குதுங் சார். நீங்க வந்து உக்காந்தாப் போதுமுங்க." 'லேசா' என்ற சொல்லை நான் அறிவேன். போனேன்.

சம்பந்தி வருமுன் வீட்டு முன்கட்டில் என்னைத் தனியே நிறுத்திச் சொன்னார். மாப்பிள்ளை மகள்மீது கைநீட்டுகிறார். அவள் நேராகவே தந்தையிடம் சொல்லிவிட்டாள். இனி அங்கே போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். "நாஞ் சம்பந்திகிட்டப் பேசிக்கறேன், நீ ஒண்ணும் பேச வேண்டாம்னு பாப்பாகிட்ட வாக்குக் குடுத்திருக்கறனுங்க" என்றார். துண்டு அவர் கையில் முறுக்கிக்கொண்டிருந்தது.

சம்பந்தி வந்தார். பழங்களும் பூவும் கொண்டுவந்திருந்தார். பண்பாகப் பேசக்கூடியவர்தாம், அதை நான் மறுக்க மாட்டேன். பருத்தி விலை பேசினார்கள். பிறகு கார் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டார். "உங்க பங்க்குப் பெட்ரோல் ஊத்துனா ஏனுங்க ஓடாது?" என்று இவர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். காப்பி ஆறியது. மகள் உள்ளறைக் கதவருகே நின்றிருந்தாள்.

"அப்பறமுங் சம்பந்தி, ஆடியும் முடிஞ்சுது" என்றார் வந்தவர். "பாப்பாவ அனுப்பறதுல ஏதாச்சும் யோசனைங்களா? எங்க பக்கம் ஏதாச்சுமிருந்தாச் சொல்லிப்போடுங்க. நமக்குள்ள என்னங்க?"

இவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் வெளிவந்துவிடும் என்றே நான் நம்பினேன். அவர் மகளைப் பார்த்தார். சம்பந்தி கொண்டுவந்த பழத்தட்டைப் பார்த்தார்.

"யோசனை என்னங்க... அதெல்லாமொண்ணுமில்லீங்க. பாப்பாவுக்கு லேசா ஊட்டு நெனப்பு. போகப் போகப் பழகிக்குமுங்க."

கதவருகிலிருந்து மகள் பேசினாள்.

"மாமா, உங்க பையன் என்னைய அடிக்கறாருங்க. அத்தைக்குந் தெரியுமுங்க. நான் அங்க வல்லீங்க."

சம்பந்தி அவளைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார். இவர் எழுந்துவிட்டார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி. தாயில்லாத புள்ளைங்க. பேசத் தெரியாமப் பேசிப்போட்டுது."

வீட்டுக்காரர் கைகூப்பி நிற்கும் இடத்தில், அழைக்கப்பட்டு வந்தவன் குறுக்கே பேசுவது முறையாகாது. மகள் தந்தையைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் நின்றாள். பின் உள்ளே போனாள். சம்பந்தி, "சின்னஞ் சிறுசுங்க, பேசிக்கலாமுங்க" என்று சொல்லி விடைபெற்றார். மறுநாள் காலை அவள் ஒரு பெட்டியுடன் கோவைக்குப் பேருந்து ஏறினாள். புகுந்த வீட்டுக்கும் போகவில்லை. பிறந்த வீட்டிலும் தங்கவில்லை. கல்லூரித் தோழி ஒருத்தி உதவ, ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டாள்.

மார்கழியில் அவர் என்னிடம் வந்தார். வண்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; சொல்வதற்கும் ஒன்றுமில்லை, அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மகளைப் பார்க்கப் போகவேண்டும், நானும் உடன் வரவேண்டும் என்றார். முன்பே சிலமுறை தனியாகப் போயிருக்கிறார். "போனா வாங்கங்கறா, உக்காருங்கங்கறா. சண்டையே போட மாட்டீங்கறாளுங்க" என்றார்.

விடுதியின் பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. அவள் வந்து இருவருக்கும் வணக்கம் சொன்னாள். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். எதிர்க் கடையிலிருந்து காப்பி வரவழைத்தாள். ஜின்னிங் ஓடுகிறதா, மழை எப்படி, அப்பாவின் முழங்கால் வலி தேவலையா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். என் நிலையத்தைப் பற்றிக்கூடக் கேட்டாள்.

"உனக்கு ஏதாச்சும் வேணுமா, அம்மணி?" என்றார் அவர்.

"எனக்கென்னங்கப்பா? நல்லாருக்கறனுங்க."

"சாப்பாடெல்லாம்?"

"நல்லாப் போடறாங்கப்பா. நீங்க இத்தன தூரம் மெனக்கெட வேண்டாமுங்க."

முகத்தில் புன்னகை இருந்தது. என் கண்ணெதிரே, காரின் குறைகளை ஒன்று விடாமல் எடுத்துச் சொன்ன பெண் அவள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அவர் கார்க் கதவைப் பிடித்தபடி, அவள் ஏதேனும் சொல்வாளா என்று நின்றார். "பாத்துப் போங்கப்பா" என்றாள்.

திரும்பும் வழியில், கவுண்டம்பாளையம் நெருங்கும்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"என்ற புள்ள வாயத் தொறந்து சொன்னப்ப, நான் அவ பக்கம் நிக்கலீங் சார். எதுத்தாப்ல இருந்தவருக்குக் கையெடுத்துக் கும்புட்டனுங்க. நாஞ் செஞ்சது தப்புங்க."

லேசா என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து அப்படியொரு வாக்கியத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வயதில் மூத்த ஒருவர் கண் கலங்கத் தம்மையே குற்றம் சொல்லும்போது, அருகில் இருப்பவர் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். "அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. நீங்க மனசைப் போட்டு வருத்திக்க வேண்டாமுங்க."

அவர் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இன்னும் ஏதோ சொல்ல இருந்தவரைப்போல உதடுகள் அசைந்தன. பிறகு, "சரிங்க" என்றார்.

சற்றுத் தூரம் போனதும், இந்த ஆண்டு பருத்தி வரத்து எப்படி என்று நான் கேட்டேன். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார்.